சந்தாவும் தோழமையும்

சந்தா என்னும் சொல்லை நம் மக்களுக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. பாரசீகத்திலிருந்து உருதுவின் வழியே வந்து நம் மஹல்லாக்களில் நிலைபெற்றுவிட்ட சொல் அது. பள்ளிவாசலுக்குச் சந்தா, மதரஸாவுக்குச் சந்தா, இதுபோன்ற திங்களிதழுக்குச் சந்தா. பள்ளிவாசல் சந்தாவில் ஒரு நுட்பம் உண்டு. நிலுவை வைத்தவனுடைய பெயர் பலகையில் ஏறலாம். நிர்வாகி அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். ஆயினும் பாங்கு ஒலித்ததும் அவன் ஸஃப்பில் வந்து தோளோடு தோள் சேர்ந்து நின்றால், தடுப்பார் எவருமிலர். இதழ்ச் சந்தாவோ வேறு. அது முடிந்தால் அடுத்த திங்கள் இதழ் வாராது. ஆனால் முன்னர் வந்தவை பரண்மேல் நம் உடைமையாகவே கிடக்கும். இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாவது வகைச் சந்தா ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமாறு என் தங்கை என்னிடம் கேட்டாள். அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

திருப்பூரில் காதர்பேட்டைக்கு அருகே ஒரே வீட்டில் என் தங்கையர் இருவரும் பல்லாண்டு வாழ்ந்தனர். மூத்தவளுக்கு ஒரு மகன், இளையவளுக்கு ஒரு மகன். இருவருக்கும் ஏழு திங்கள் வயது வேறுபாடு. ஒரே தட்டில் உண்டு, ஒரே மதரஸாவில் என்னிடம் அலிஃப் பே ஓதிய பிள்ளைகள். 2019இல் மூத்தவளின் கணவருக்குச் சவூதி அரேபியாவின் தம்மாமில் வேலை அமைந்து, குடும்பத்தோடு புறப்பட்டுப் போனார். பையன் தன் துணிமணிகளோடு பிளேஸ்டேஷன் 4 என்னும் விளையாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டான். இங்கே தங்கிய தம்பிக்கு விளையாட ஆளுமில்லை, பெட்டியுமில்லை.

இளையவளின் கணவர் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர். 2021இல் பனியன் ஆர்டர்கள் சற்றே தலைதூக்கிய காலத்தில் மகனுக்கு ஒரு பெட்டி வாங்கித் தந்தார். பிளேஸ்டேஷன் 5 அவ்வாண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருந்தது. வட்டு செலுத்தும் வகையின் விலை 49,990 ரூபாய். கேட்ட கடையிலெல்லாம் இல்லையென்றே சொன்னார்கள். அதற்கு முந்திய நவம்பரிலேயே வந்துவிட்ட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 34,990 ரூபாய்க்குக் கிடைத்தது. வணிகர் எவரும் செய்வதையே அவரும் செய்தார். பெட்டி வீட்டுக்கு வந்த பின்னரே, தம்மாமில் இருப்பது சோனி நிறுவனத்தின் பெட்டி, திருப்பூருக்கு வந்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெட்டி, இரண்டும் ஒன்றோடொன்று எளிதில் பேசா என்பது பிள்ளைக்குத் தெரியவந்தது.

தொலைபேசியில் பேசிக்கொள்ளலாமே என்று வாசக நேயர்கள் வினவலாம். நானும் அவ்வாறே வினவினேன். பேசத்தான் செய்தார்கள். "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." "சாப்பிட்டியா?" "ஆச்சு." அவ்வளவோடு முடிந்துவிடும். பதின்மூன்று வயதுப் பையன்கள் எதிரெதிரே அமர்ந்து நலம் விசாரிக்கும் இயல்பினர் அல்லர். கையில் ஒரு வேலையும் கண்முன் ஒரு பந்தும் இருக்கும்போதுதான் அவர்களுக்குள் பேச்சு ஊறும். புதிய பள்ளியில் தன் அரபு உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்பதைத் தம்மாம் பையன் தன் தாயிடமும் சொல்லவில்லை, ஆசானாகிய என்னிடமும் சொல்லவில்லை. ஆட்டத்தின் நடுவே தம்பியிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த ஆட்டம் ராக்கெட் லீக் என்பது. சிற்றூர்திகளால் பந்தை முட்டிக் கோல் போடும் விளையாட்டு. துப்பாக்கியும் குருதியும் இல்லாததால் எனக்கும் அதில் வருத்தமில்லை. 2020 செப்டம்பர் முதல் அது விலையின்றிக் கிடைக்கிறது. சோனி பெட்டியில் இத்தகைய இலவச ஆட்டங்களுக்குச் சந்தா கேட்பதில்லை. எக்ஸ்பாக்ஸில் 2021 ஏப்ரல் வரை கேட்டுக்கொண்டிருந்து, பின்னர் விட்டுவிட்டார்கள். ஆகவே பிள்ளைகள் ஓராண்டுக்கு மேல் ஒரு காசும் செலவின்றி விளையாடினர். 2022இல் ஃபிஃபா 23 என்னும் கால்பந்தாட்டம் வந்தது. அதில் பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவனும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வைத்திருப்பவனும் எதிரெதிரே ஆட வழி திறந்தார்கள். அதற்குள் தம்மாம் வீட்டிலும் புதிய பெட்டி வந்திருந்தது. இரு வீட்டாரும் ஆட்டத்தை விலைகொடுத்து வாங்கினர். தொடங்கப் போனால் இரு பெட்டிகளும் ஒரே குரலில் சந்தா கேட்டன. அன்றிரவுதான் இளையவள் அழைத்தாள்.

"ஏண்ணா, பொட்டியும் வாங்கியாச்சு, கேமும் வாங்கியாச்சு, நெட்டுக்கும் மாசாமாசம் கட்டுறோம். இன்னும் எதுக்குங்க காசு? அங்க அக்காளும் கட்டோணுமாமுங்க. இது கொடுக்கலாங்களா, கூடாதுங்களா?"

பெண்பிள்ளையின் கேள்வி எளியது, விடையோ எளியதன்று. சந்தாவின் வரலாற்றைச் சற்றே தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

இணையவழிக் கூட்டு விளையாட்டுக்குப் பெட்டி நிறுவனமே வாயில் அமைத்து ஆண்டுக் கட்டணம் வாங்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியது 2002 நவம்பரில் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆகும். 2005இல் அதைச் சில்வர், கோல்டு என இரண்டாகப் பகுத்தார்கள். சில்வர் இலவசம், ஆனால் பிறரோடு ஆட வேண்டுமானால் கோல்டு வேண்டும். ஓராண்டு கழித்து வந்த சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க், கூட்டாட்டத்துக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்து வாடிக்கையாளரைக் கவர்ந்தது. 2010இல் பிளஸ் என்னும் சந்தாவை அது தொடங்கியபோதும், கூட்டாட்டம் அதற்குள் சேரவில்லை. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோதுதான் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. பழைய பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவன் அதன் பின்னும் காசின்றி ஆடினான். அதிக விலை கொடுத்துப் புதியதை வாங்கியவன் காசு கட்டினான். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனமும் தன் ஸ்விட்ச் பெட்டிக்கு 2018 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 20 டாலர் அளவில் வாங்கத் தொடங்கியது. மூன்றினுள் மலிவு அதுவே. ஆனால் நண்பனோடு பேச வேண்டுமென்றால் தனியே கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொள் என்றது. காசு வாங்கிக்கொண்டு வாயை வேறிடத்தில் வை என்பதைப் போன்றது இது.

இலவசமாக இருந்த காலத்தில் சோனியின் வலையமைப்புக்கு நேர்ந்த இடரையும் சொல்லாமல் விட்டால் நடுநிலை ஆகாது. 2011 ஏப்ரலில் எவரோ உட்புகுந்து 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் வெளிப்பட, சேவை மூன்று வாரங்களுக்கு மேல் மூடிக்கிடந்தது. திருப்பூரார்க்கு அவ்வாண்டு மறக்காது. ஜனவரி இறுதியில் உயர்நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, நூலும் இருந்து, தையலும் இருந்து, சாயம் ஒன்று இல்லாமையால் ஊரே கைகட்டி நின்ற ஆண்டு அது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாயிற்காவலுக்கும் செலவு உண்டு என்று நிறுவனத்தார் சொல்வதை நான் முற்றும் மறுக்கவில்லை.

ஆயினும் அந்தக் காவலின் கூலி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிஃபா 23ஐக் கணினியில் ஆடுகிறவன் ஆட்டத்தின் விலையோடு நின்றுவிடுகிறான். சந்தா அவனுக்கு இல்லை. அவனும், சோனி பெட்டிக்காரனும், எக்ஸ்பாக்ஸ்காரனும் கலந்து ஆடுவது ஆட்டத்தை ஆக்கிய நிறுவனத்தின் ஏற்பாட்டில். ஆட்டம் ஒன்றே, எதிராளி ஒருவனே. இருவர் மட்டும் தத்தம் பெட்டி நிறுவனத்துக்கு வரி கட்டுகிறார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், துணி ஒருவருடையது, தையல் மற்றொருவருடையது, பேக்கிங் வேறொருவருடையது. இவற்றுக்கெல்லாம் உரிய கூலி கொடுத்துவிட்டுச் சரக்கை வெளியே எடுக்கையில், கேட்டைத் திறப்பவர் ஆண்டுக்கூலி கேட்கிறார்.

இனி, மதரஸாவில் நான் ஓதிய கித்தாபுகளின் துணையோடு இதனை நோக்குகிறேன். ஒரு பொருளையே விற்றுக் கைமாற்றுவது பைஉ. பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அதன் பயனைக் குறித்த காலத்துக்கு விலைபேசுவது இஜாரா. பயன் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும், காலமும் கூலியும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு தெளிந்தால் இஜாராவில் குற்றமில்லை. கூட்டாட்டச் சந்தா இஜாரா என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதனோடு மாதந்தோறும் "இலவச ஆட்டங்கள்" என்று சில தருகிறார்களே, அவற்றின் நிலை என்ன? இங்கே இரு நிறுவனங்களும் வேறுபட்டன. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து ஆட்டங்களைக் கோல்டு சந்தாவோடு பெற்றவன், சந்தா முடிந்தாலும் அவற்றை வைத்துக்கொள்ளலாம்; அது உண்மையான அன்பளிப்பு, ஹிபா. 2022 அக்டோபரோடு அவ்வழக்கம் நின்றது. சோனியின் பிளஸ் தரும் ஆட்டங்களோ சந்தா உள்ளவரைதான் திறக்கும்; முடிந்தால் பூட்டிக்கொள்ளும். நூறு ஆட்டம் சேர்த்து வைத்தவனும் ஒரு மாதம் தவணை தவறினால் வெறுங்கையன். கொடுப்பதைப் போல் கொடுத்து, கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் வைத்திருப்பதை அன்பளிப்பென்று அழைத்தல் பொருந்துமா? இரவல் என்று சொல்லிவிட்டால் எனக்கு வழக்கே இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பிள்ளை ஆடிச் சேர்த்த கணக்கு, எட்டிய நிலை முதலியவற்றை நிறுவனத்தின் தொலைக் களஞ்சியத்தில் பாதுகாத்து வைக்க எக்ஸ்பாக்ஸ் காசு வாங்குவதில்லை, சோனி வாங்குகிறது. பிள்ளையின் உழைப்பு பிள்ளைக்கே உரியதாகையால், இதில் எக்ஸ்பாக்ஸின் பக்கமே நியாயம் என்பேன். அதற்காக அந்நிறுவனத்தைப் புனிதமாக்கிவிட வேண்டா. 2021 ஜனவரியில் அவர்களே கோல்டு சந்தாவை ஏறக்குறைய இருமடங்காக்கி ஓர் அறிவிப்பு விடுத்தனர். உலகெங்கும் எழுந்த கூச்சலைக் கேட்டுச் சில மணி நேரத்துக்குள் அதனைத் திரும்பப் பெற்றனர். இலவச ஆட்டங்களுக்குச் சந்தா வேண்டா என்னும் சலுகையும் அந்தக் கூச்சலின் விளைவாகவே அறிவிக்கப்பட்டது. ஒரே நாளில் இருமடங்காகவும் மீண்டும் பழையபடியும் ஆகக்கூடிய கட்டணத்துக்கு அடிப்படை செலவுக்கணக்கா, வாங்குவோரின் பொறுமையா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

உண்மையில் இந்நிறுவனங்கள் வாடகைக்கு விடுவது தோழனைத்தான் என்ற முடிவுக்கே நான் வந்தேன். பெட்டியின் திறன் இருவரிடத்தும் ஏறத்தாழ ஒன்றே. உன் நண்பன் எங்கே இருக்கிறானோ அங்கே நீயும் வந்தாக வேண்டும் என்பதே அவர்களுடைய மூலதனம். ஆகையால்தான் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த சுவரை இடிக்க முன்னணியில் இருந்த சோனி நெடுங்காலம் இசையவில்லை. 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வாயிலைத் திறப்பதாக அழைத்தது. அப்போது அது பின்தங்கியிருந்ததால் தாராளம் எளிதாயிற்று என்பதும் உண்மை. 2018 கோடையில் ஃபோர்ட்நைட் ஆட்டம் ஸ்விட்சுக்கு வந்தபோது, சோனி பெட்டியில் ஒருமுறை நுழைந்த கணக்கு அங்கே திறக்காது என்று கண்ட பிள்ளைகள் கொதித்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சோனி முதன்முறையாக இணங்கியது. 2019 ஜனவரியில் ராக்கெட் லீக்குக்கும் சுவர் திறந்தது. அந்த இரு முடிவுகளும் இல்லையெனில் காதர்பேட்டையும் தம்மாமும் ஒரு பந்தை முட்டியிருக்க முடியாது.

தங்கைக்கு நான் சொன்ன விடை இது: கொடுக்கலாம், ஆனால் ஓராண்டுக்கென்று கொடு, தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் கார்டைக் கட்டிவைக்காதே. ஈஜாபும் கபூலும் ஒவ்வொரு முறையும் வாயால் நிகழட்டும். (2021 அக்டோபர் முதல் இந்திய ரிசர்வ் வங்கி, தொடர் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்னரே அறிவிக்க வேண்டும் என்று விதி செய்ததை அறிந்தபோது, ஒரு பழைய பிக்ஹு ஆசிரியனுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுமா?)

தம்மாம் பையனுக்கு வேறொரு சிக்கல் முளைத்தது. அவன் கணக்கைத் தொடங்கியது திருப்பூரில். நாடு இந்தியா என்று அன்று எழுதியதை மாற்ற அச்சேவை இடந்தரவில்லை. எக்ஸ்பாக்ஸில் நாட்டை மாற்றிக்கொள்ள வழியுண்டு. எனவே தந்தையின் சவூதி கார்டு அவனுக்குப் பயன்படவில்லை. நாங்களே இங்கே ரூபாயில் பற்றுச்சீட்டு வாங்கி, பிளஸின் அடிப்படை வகைக்கு ஓராண்டுக்கான 2,999 ரூபாய்க்கு, அதன் பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டை வாட்சப்பில் அனுப்பினோம். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பணம் வருவதைத்தான் இதுவரை கண்டிருக்கிறோம். இது எதிர்த்திசையில் போயிற்று. அடுத்த ஆண்டு அச்சந்தா உலகெங்கும் உயர்ந்து, அமெரிக்காவில் 60 டாலராயிருந்தது 80 ஆனது. எக்ஸ்பாக்ஸ் தன் பங்குக்குக் கோல்டு என்ற பெயரையே 2023 செப்டம்பரில் நீக்கி கேம் பாஸ் கோர் என்றது. 2025இல் அதையும் எசென்ஷியல் என மாற்றியது. பெயர்கள் இவ்வளவு விரைவில் மாறுவதால் இளையவள் அதனை இன்றும் "பொட்டிச் சந்தா" என்றே சொல்லுகிறாள்.

பேச்சுக்கு மட்டும் சுவர் நெடுநாள் இருந்தது. இரு நிறுவனங்களின் பேச்சறைகளும் தனித்தனி. கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் சமாளித்தனர். டிஸ்கார்டு என்னும் வேறொரு நிறுவனத்தின் பேச்சுச் சேவை 2022இல் எக்ஸ்பாக்ஸிலும், 2023 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5இலும் நுழைந்த பின் அத்தொல்லை நீங்கியது.

சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை, இங்கே ஞாயிறு. ஆகவே சனிக்கிழமை இரவே இரு வீட்டுக்கும் பொது. பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி பட்டுவாடா முடிந்து இளையவளின் கணவர் வீடு திரும்பும் நேரம். அங்கே அப்போதுதான் மாலை சாய்ந்திருக்கும். சென்ற மாதம் நான் அங்கு இருந்தபோது, பையன் தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டை அவன் தாய் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். ஆட்டம் நின்றது. அங்கிருந்து குக்கர் விசில் கேட்டது போலும்.

"அக்கா, என்ன வைக்கறே? நெய்ச்சோறுங்களா?" என்றாள்.

அதற்குப்பின் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பந்து கிடைக்கவில்லை.