மழைக்குப்பின் வந்த குடைகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் வீட்டுத் தோட்டத்துள் நுழைவோர், முந்தைய நாள் வரை அங்கில்லாத சில உயிர்களைக் காண்பர். விதைத்தவர் இலர், நீர் வார்த்தவர் இலர். ஆயினும் அவை குடை விரித்தும் கிண்ணம் ஏந்தியும் நிற்கும். அவற்றுக்கு நம்மில் பலர் வழங்கும் பெயர்கள் இரண்டே. உண்ணலாம் எனத் தோன்றினால் காளான். ஆகாது எனத் தோன்றினால் நாய்க்குடை. இவ்விரு பெயர்களுள் அடங்காத அப்பெருங்கூட்டத்தை இனங்காண முயன்றதில் யாம் கற்றவற்றுள் சிலவற்றை ஈண்டுப் பகிர்ந்துகொள்கிறோம்.

நம் முன்னோர் இவற்றை அறியாதவர் அல்லர். சமைத்தலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருந்ததைப் புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் எடுத்துரைக்கிறார். கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளாம்பி முளைத்த வறியோர் அடுக்களையைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. இரண்டும் வறுமையை உணர்த்த வந்த இடங்களே. எனினும், அது எங்கே முளைத்தது என்பதைப் புலவர் இருவரும் சொல்லத் தவறவில்லை என்பது நோக்கத்தக்கது. இடம் அறிதலே இனங்காணலின் முதற்படியாகும்.

நாம் காணும் குடை பூஞ்சையின் முழு உடல் அன்று. மாமரத்தை மண்ணுள் மறைத்து மாங்கனியை மட்டும் வெளியே நீட்டியது போன்றது அதன் நிலை. உண்மையான உடல் நூலிழைகளாக மண்ணிலும் மட்கிய மரத்திலும் பரவிக் கிடக்கிறது. பச்சையம் இன்மையால் அது தன் உணவைத் தானே ஆக்குவதில்லை. மட்கியவற்றைச் செரித்து உறிஞ்சுகிறது. ஆகவே பூஞ்சைகளைத் தாவரங்களோடு சேர்க்காமல் தனிப் பேரினமாகவே இன்று வகுத்துள்ளனர். குடையின் பணி நுண்வித்துகளைப் பரப்புவதொன்றே.

எம் தோட்டத்துக்கு வந்த விருந்தினர் சிலரை அறிமுகம் செய்வோம். பூந்தொட்டியில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் சிறு குடைகள் தோன்றின. அவை லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமி என்னும் இனம். கோர்டா என்னும் அறிஞர் 1839ஆம் ஆண்டு பிர்ன்பாம் என்ற தோட்டக்காரரின் பெயரை இதற்குச் சூட்டினார். செடிக்கு இதனால் கேடில்லை. தின்றவர் வயிற்றுக்கே கேடு. மட்கிய சுள்ளியின்மேல் விரல்நுனி அளவுக் கிண்ணங்களும், அவற்றுள் முட்டைபோன்ற மணிகளும் இருந்தன. இது பறவைக்கூட்டுப் பூஞ்சை. மழைத்துளி கிண்ணத்துள் விழும் விசையால் அம்மணிகள் ஒரு மீட்டர் தொலைவு வரையும் தெறித்துச் செல்லும். அழுகல் நாற்றத்தோடு, வலைப்பின்னல் போன்ற வெண்மையான ஆடை உடுத்து நின்றது மற்றொன்று. அந்நாற்றம் ஈக்களை அழைப்பதற்கு. நுண்வித்துகளைச் சுமந்து செல்வோர் அவ்வீக்களே. நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இதனைச் சீனர் உலர்த்திச் சமைக்கின்றனர். இலைச்சருகின்மேல் கக்கி வைத்தாற்போல் பரவிய மஞ்சள் நிறப் பொருளோ பூஞ்சையே அன்று. மெல்ல நகர்ந்து நுண்ணுயிர்களை உண்ணும் சளிப்பூசணம் அது.

இவையெல்லாம் வியப்புக்குரியவை. அச்சத்துக்குரியதைச் சந்தித்தது ஓர் ஐப்பசி மாதத்தில். புல்தரையில் தட்டளவு அகன்ற வெண்குடைகள் பல முளைத்திருந்தன. குடையின் நடுவே பழுப்புச் செதில்கள். தண்டில் ஒரு வளையம். அண்டை வீட்டு இளம் தம்பதியர் ஏனத்துடன் வந்து, ஊரில் தாம் உண்ட புற்றுக்காளான் இதுவே என்று மகிழ்ந்து கேட்டனர். எம்முடன் இருந்த அத்தை ஒன்றைப் பிடுங்கி அடியைத் திருப்பிப் பார்த்தார். "வேரில்லாத காளானை நாங்க அடுப்பில ஏத்தமாட்டோம்" என்று கூறிக் கீழே வைத்துவிட்டார்.

அச்சொல்லின் பின்னே ஓர் உண்மை இருந்தது. கறையான்கள் தம் புற்றினுள் வளர்க்கும் பூஞ்சையே புற்றுக்காளான். இவ்வினத்துக்கு 1942இல் டெர்மிட்டோமைசிஸ் எனப் பெயரிட்டவர் ரோஜர் ஹெய்ம். இதன் பெருங்குடை வகைகளில் தண்டு வேர்போல் நீண்டு, மண்ணுக்கடியில் உள்ள கறையான் தேனடை வரை செல்லும். எம் கையில் இருந்ததற்கோ அடி சற்றே பருத்திருந்ததன்றி வேரில்லை.

எனினும் ஒரு சான்றோடு நின்றுவிடாமல், குடையைத் தண்டிலிருந்து நறுக்கி, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படுமாறு கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை மூடி வைத்தோம். மறுநாள் காலையில் தாளில் படிந்திருந்த தூள் பசுமை கலந்த நிறத்தில் இருந்தது. புற்றுக்காளானின் தூளோ வெளிர்சிவப்பாக இருக்கும். வந்திருந்தது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நச்சுக்காளான். இளமையில் அதன் அடிமடிப்புகளும் வெண்மையாகவே இருந்து, முதிர்ந்த பின்னரே பசுமை பூணும். வெண்மையைக் கண்டு நம்புவோர் ஏமாறுவது இங்கேதான். அவ்வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருந்தது என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது, கொதிக்க வைத்தால் நஞ்சு நீங்கும் என்றெல்லாம் சொல்வர். இவற்றுள் எதுவும் நம்பத்தக்கதன்று. நத்தைகள் தீங்கின்றித் தின்னும் காளான் மனிதனைக் கொல்லக்கூடும். ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட அமானிட்டா ஃபல்லாய்டெஸ் என்னும் கொடுங்காளானின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தோன்றாது. பின் வாந்தி வந்து, இடையில் நலமடைந்தது போலக் காட்டி, கல்லீரலை அழித்துவிடும். கைப்பேசிச் செயலி தரும் பெயரும் ஓர் ஊகமே. படத்துக்கு மணமில்லை, மண்ணுள் புதைந்த அடியும், தாளில் படியும் தூளும் படத்தில் தெரிவதில்லை.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு எம் வேண்டுகோள் இது. முளைத்த இடம், குடை, அடிமடிப்பு, வளையம், தண்டின் அடி, தூளின் நிறம் ஆகிய ஆறையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஐந்து பொருந்தி ஒன்று பொருந்தாவிடின் பெயர் சூட்டாதீர்கள். அறிந்தவர் நேரில் பார்த்து உறுதி செய்யாத எதனையும் உண்ணாதீர்கள். யாரேனும் உண்டுவிட்டால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஏடு பதிப்பிக்கும் அறிஞர் ஒரே ஏட்டைக் கொண்டு பாடத்தை முடிவு செய்வதில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கி, ஐயம் தீராத இடத்தில் ஐயம் என்றே குறித்து வைப்பர். அத்தையின் கையில் இருந்த ஊரறிவும் எம் தாளில் படிந்த தூளும் இரண்டு ஏடுகளாக நின்று ஒரே பாடத்தைச் சொல்லின. அவ்வாறு ஒத்துச் சொல்லாத நாளில் "தெரியவில்லை" என்பதே கற்றவர்க்கு அழகு. அச்சொல்லால் எவர் உயிரும் போனதில்லை.