டாக்டர் ஹவுஸ் பாடிய பாட்டும் ஐந்தாம் வகுப்பு பெஞ்சும்

போன பதிவில் மூட்டு ஆபரேஷன் பற்றி எழுதியதும் போனிலும் மெசேஜிலும் நலம் விசாரித்த எல்லாருக்கும் நன்றி. இப்போது கைத்தடியுடன் நாலு படி ஏறுகிறேன். இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். மற்றவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

படுக்கையில் கிடந்த ஆறு வாரமும் என் பேரன்தான் துணை. பாட்டிக்குப் பொழுது போகவேண்டுமே என்று அவனுடைய டேப்லெட்டில் ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் போட்டுக் கொடுத்தான். 2004இல் தொடங்கி 2012 வரை எட்டு சீசன் ஓடியதாம். சிடுமூஞ்சி டாக்டர் ஒருவர், கால் ஊனம், கையில் தடி. யாருக்கும் தெரியாத நோயை எல்லாம் கண்டுபிடிப்பார், நோயாளியிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நானும் தடி, அவரும் தடி. எனக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண், தடியை நல்ல கால் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்று தினம் தினம் படித்துப் படித்துச் சொன்னாள். அந்த டாக்டரோ வலது காலும் வலி, தடியும் வலது கையில். இவ்வளவு பெரிய டாக்டருக்கு இது தெரியாதா என்று பேரனிடம் கேட்டேன். “பாட்டி, அவர் டாக்டரே இல்ல, நடிகர்” என்றான்.

அந்த நடிகர் பெயர் ஹியூ லாரி. பேசும்போது அசல் அமெரிக்கர்போல இருக்கும். ஆனால் ஆள் இங்கிலாந்துக்காரர், 1959இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் படிப்பு. அப்பா நிஜமாகவே டாக்டர், அதோடு 1948 லண்டன் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர். தொடரில் அவ்வப்போது பியானோ வாசிப்பார். நடிப்புக்காக என்று நினைத்தேன். நிஜமாகவே வாசிப்பவராம். 2011இல் தனி ஆல்பமே போட்டிருக்கிறார் என்று பேரன் சொல்லி அதையும் வைத்தான். பெயர் ‘லெட் தெம் டாக்’. பேசுறவங்க பேசட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பதினைந்து பாட்டு. பெரும்பாலும் ப்ளூஸ் என்று சொல்கிற, அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்கள் பாடி வளர்த்த பழைய பாட்டுகள், அதிலும் நியூ ஆர்லியன்ஸ் ஊர் வாசனை உள்ளவை.

எனக்கு இங்கிலீஷ் பாட்டு என்றால் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துத் தெரு சர்ச்சில் கேட்பதோடு சரி. முதல் பாட்டு ஆரம்பித்தது. ரொம்ப நேரம் பாட்டே வரவில்லை, வெறும் பியானோ. யாரோ வீட்டுக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நிற்பதுபோல. பிறகு பாட்டு. காதலி இறந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பார்க்கப் போகிறான். பேரன் அர்த்தம் சொன்னதும் மறுபடி போடச் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் சும்மா இருக்காமல் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் குடும்பக் குழுவிலும் லிங்கைப் போட்டு “கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்” என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் பரீட்சைப் பேப்பர்போல வந்து குவிந்தது.

வங்கியில் இருக்கும் ஒரு மாணவி, “பியானோ சூப்பர், குரல் சுமார் டீச்சர், பாஸ் மார்க் போடலாம்” என்றாள். என் தங்கை, “தலைவலி. இதுக்கு நம்ம சீர்காழி போடு” என்றாள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ஒரு மாணவன் விவரமாக எழுதினான்: கூட இருப்பவர்கள் எல்லாம் ஜாம்பவான்கள், ஊதுகருவிகளுக்கு இசை அமைத்தவர் ஆலன் டூசான், ஒரு பாட்டு டாக்டர் ஜான் பாடுகிறார், இர்மா தாமஸ் பாடுகிறார், மூவருமே நியூ ஆர்லியன்ஸ் மண்ணின் மக்கள், இவ்வளவு பேர் தாங்கிப் பிடித்தால் யார் வேண்டுமானாலும் ஆல்பம் போடலாம். கொஞ்சம் பொறாமையும் தெரிந்தது. ஆனால் சொன்னதில் தப்பில்லை.

பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன்தான் சண்டையைக் கிளப்பினான். “அத்தை, இந்த ஆள் படிச்சது ராஜா வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல். பருத்திக் காட்டுல அடி வாங்கினவன் பாட்டை இவன் ஏன் பாடணும்? டி.வி.ல பேர் வாங்கினதால ஆல்பம் போட்டுட்டான். இதே பாட்டை முதல்ல பாடினவனுக்கு என்ன கிடைச்சுது?”

ஆல்பம் வந்த காலத்திலும் கேட்டவர்களும் விமர்சகர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்த நடிகருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஆல்பத்தோடு வந்த குறிப்பிலேயே, நான் 1890களில் அலபாமாவில் பிறந்தவன் இல்லை, அந்த வாழ்க்கை எனக்குத் தெரியாது, ஆனால் சின்ன வயதிலிருந்து இந்தப் பாட்டின்மேல் ஆசை என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். முன்னாலேயே ஒப்புக்கொண்டால் குற்றம் குறைந்துவிடுமா என்று அண்ணன் மகன் கேட்டான். குறையாதுதான். ஆனால் ஒன்று. அந்த ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு அசல் ஆட்களைத் தேடிப் போக முடிகிறது. பேரனும் நானும் போனோம். லெட் பெல்லி, ஜெல்லி ரோல் மார்ட்டன், ப்ளைண்ட் ப்ளேக், ப்ரொபசர் லாங்ஹேர். பழைய ரெக்கார்டின் கரகரப்போடு லெட் பெல்லியைக் கேட்ட பிறகு லாரியின் குரல் மெலிசாகத் தெரிந்தது, உச்சரிப்பும் கடன் வாங்கிய சட்டைபோல இருந்தது. இது என் கருத்து. ஆனாலும் அவர் கை பியானோவில் விழும்போது அந்த மெலிசு மறந்துபோகிறது. இதுவும் என் கருத்துதான்.

நடிகர் எதற்குப் பாடவேண்டும் என்ற கேள்வி மட்டும் எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்கள் அம்மா காலத்தில் பாடத் தெரியாதவருக்கு நாடக மேடையில் வேலை ஏது? கிட்டப்பா, சுந்தராம்பாள், பாகவதர் எல்லாம் எப்படி வந்தார்கள்? அது வேறு கதை.

நான் இந்தப் பதிவு எழுத உட்கார்ந்தது அந்தப் பதினைந்தில் ஒரு பாட்டுக்காக. ‘ஸ்வானி ரிவர்’. அதைப் பற்றி ஹியூ லாரி சொன்ன கதை ஒன்று உண்டு. சின்னப் பையனாக இருக்கும்போது வீட்டில் கட்டாயப்படுத்திப் பியானோ வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் எதுவும் பிடிக்கவில்லை. அந்த ஒரு பாட்டுக்காகப் பக்கம் பக்கமாகக் காத்திருந்திருக்கிறான். கடைசியில் அந்தப் பக்கம் வந்தபோது டீச்சரம்மா தலைப்பைப் படித்துவிட்டு, இது நீக்ரோக்கள் பாட்டு, இதெல்லாம் நமக்கு வேண்டாம் என்கிற மாதிரி சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டாராம். பையன் வகுப்பையே விட்டுவிட்டான். பிறகு தானாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். ஐம்பது வயது தாண்டி ஆல்பம் போட்டபோது அந்தப் பாட்டை விடவில்லை.

இதில் வேடிக்கை, அந்தப் பாட்டை எழுதியவர் கறுப்பரே இல்லை. ஸ்டீபன் ஃபாஸ்டர் என்ற பென்சில்வேனியாக்காரர், வெள்ளைக்காரர், 1851இல் எழுதியது. கறுப்பர்களைப்போல முகத்தில் மை பூசிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் ஆடுகிற மேடைக்காக எழுதியது. 1935இல் ஃப்ளோரிடா அதையே மாநிலப் பாட்டாக வைத்துக்கொண்டது. சொற்கள் உறுத்தியதால் 2008இல் மாற்றினார்கள். அந்த டீச்சர் சொன்ன காரணமும் தப்பு, செய்ததும் தப்பு.

பேரன் இதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்ததை அவனுக்கு அப்போது சொல்லவில்லை. இப்போது இங்கே சொல்கிறேன். சொந்தங்களில் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும்.

1993 அல்லது 94. ஐந்தாம் வகுப்பு எனக்கு. ஆண்டு விழாவுக்கு டேப் ரெக்கார்டரில் சினிமாப் பாட்டுப் போட்டு டான்ஸ் பழக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் நடுவில் நின்றன. கடைசி பெஞ்சில் ஒருவன் விரலாலும் உள்ளங்கையாலும் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தான். விட்ட இடத்திலிருந்து தாளம் பிசகாமல் தொடர்ந்தது. பிள்ளைகளும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் அப்பா தப்பு அடிப்பவர். எந்தத் தெரு என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “டேய், இது பள்ளிக்கூடமா எழவு வீடா? நிறுத்து.”

வகுப்பே சிரித்தது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். அவன் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்த வருஷம் முழுக்க அவன் எதிலும் தட்டி நான் பார்க்கவில்லை. டிப்ளமோ படிப்பில் குழந்தை உளவியல் எனக்கு நல்ல மார்க்.

நாலைந்து வருஷம் கழித்து என் மாமனார் இறந்தார். தப்பு அடிக்க அந்த அப்பா வந்தார், கூடவே அவன். எட்டாவதோடு நின்றுவிட்டிருந்தான். தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள். என்னைப் பார்த்ததும் அவன், “வணக்கம் டீச்சர்” என்றான். பிறகு அடித்தான். சாயங்காலம் வரை. எவ்வளவு நன்றாக அடித்தான் என்று சொல்ல எனக்கு இசை தெரியாது. துக்கத்துக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள் என்பது தெரியும். அன்றைக்கு எங்கள் வீடு எழவு வீடு, அதனால் யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. கூலி கொடுத்தோம். காபி எந்த தம்ளரில் கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் உள்ளே போனது ஞாபகம் இருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸில் சாவு ஊர்வலத்தில் ஊதுகருவி வாத்தியக்காரர்கள் முன்னால் போவார்கள். கல்லறை வரை மெதுவான துக்க இசை. அடக்கம் முடிந்ததும் அதே வாத்தியத்தில் துள்ளல் இசை, தெருவில் போகிறவர்கள்கூடப் பின்னால் சேர்ந்து ஆடிக்கொண்டு வருவார்கள். பேரன் வீடியோ காட்டினான். அந்த வாத்தியக்காரர்களுக்கு அந்த ஊரில் இருக்கிற மரியாதையைப் பார்த்தேன். உலகமெங்கும் இருந்து போய்க் கற்றுக்கொள்கிறார்கள். லாரியும் அப்படிப் போனவர்தான். அந்த ஊருக்குக் காரில் போய் அங்குள்ள கலைஞர்களோடு உட்கார்ந்து வாசிக்கிற படமே இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் அவர் முகம், முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை முகம். குரல் சுமார் என்று சொன்ன மாணவிக்கு அதைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அதற்கு அவளும் ஐந்து மார்க் கூட்டிவிட்டாள்.

அந்தப் பையன் திருப்பூர்ப் பக்கம் வண்டி ஓட்டுகிறான் என்று யாரோ எப்போதோ சொன்னார்கள். இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அவன் இல்லை. சேர்க்கவேண்டும் என்று இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பெயர் இங்கே எழுதமாட்டேன், அந்த செட்டில் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் அனுப்புங்கள். கமெண்டில் போடவேண்டாம், இன்பாக்ஸில் அனுப்புங்கள். முதலில் அவனிடம் கேட்டுவிட்டு, டீச்சருக்குத் தரலாமா என்று. அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்.