வீட்டுப் பெயர் இல்லாதவர்களும் பங்குப் பேரேடும்

வங்கியில் வேலை என்றால் ஊரில் எந்தக் கணக்கும் கடைசியில் நம்மிடம்தான் வந்து நிற்கும். கொச்சியில் தோப்பும்படிக்குத் தெற்கே, பள்ளுருத்தியில் குடியிருக்கிறேன். மேல் வீட்டுக்காரர் இங்குள்ள பங்கின் நிதிக்குழுவில் இருக்கிறார். போன மாதம் லேப்டாப்பும் கையுமாக வந்துவிட்டார். "சாரே, இதொந்நு நோக்கித் தருமோ?"

நோக்கினேன். சர்ச் சிஆர்எம் என்ற இலவச மென்பொருள். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. முதலில் இன்ஃபோசென்ட்ரல் என்று ஒன்று இருந்தது, அதிலிருந்து சர்ச்இன்ஃபோ, அதிலிருந்து இது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்து நடத்தலாம், அதுதான் இந்த வகையின் பலம். கேரளத்துக்கு இது புதிதும் இல்லை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல் தொடங்கியதே திருவனந்தபுரத்தில்தான்.

குடும்பம், உறுப்பினர், மறைக்கல்வி வகுப்பு, காணிக்கை எல்லாம் ஏற்றலாம். தருவதாகச் சொன்னது தனி, வந்தது தனி, வங்கியில் கட்டிய சலான் தனி. பி.காம். படித்தவனுக்கு இது போதாதா :-)

சிக்கல் முதல் கட்டத்திலேயே வந்தது. 'குடும்பப் பெயர்' என்ன என்று கேட்கிறது. மலையாளிகளுக்குக் கவலையில்லை, வீட்டுப் பெயரைப் போட்டுவிடுவார்கள். அடுத்த தெருவில் இருக்கும் தூத்துக்குடிக் குடும்பத்துக்கு என்ன போடுவது? அப்பாவுக்கு ஒரு இனிஷியல், பிள்ளைகளுக்கு ஒரு இனிஷியல், அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பாஸ்போர்ட்டுக்கு நாம் படும் பாடு உங்களுக்கே தெரியும். கடைசியில் அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக்கினோம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த மென்பொருள் வீட்டையும் காணிக்கையையும் நடுவில் வைத்து எழுதப்பட்டது. கத்தோலிக்கப் பங்கு பேரேட்டை வைத்து நடப்பது. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 535-ம் பிரிவுப்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், இறப்புக்குப் பதிவேடு வேண்டும். பின்னால் நடக்கும் உறுதிபூசுதல், கல்யாணம், குருப்பட்டம் எல்லாம் அதே ஞானஸ்நானப் பதிவிலும் குறிக்கப்பட வேண்டும். கல்யாணம் வேறு ஊரில் நடந்தால், அங்கிருந்து ஞானஸ்நானம் நடந்த பங்குக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

வங்கி பாஷையில் சொன்னால், நாங்கள் கோர் பேங்கிங்குக்கு மாறி எந்தக் கிளையிலும் எந்தக் கணக்கையும் பார்க்கிறோம். அங்கே இன்னும் தாய்க்கிளைதான். பிழைப்புக்கு நாம் கொச்சி போகலாம், குவைத் போகலாம், அந்த லெட்ஜர் பக்கம் சொந்த ஊரை விட்டு நகராது.

அந்தத் தூத்துக்குடிக் குடும்பத்துப் பெண்ணுக்குப் போன வருடம் கல்யாணம் நிச்சயமானது. பீரோவில் பத்திரமாக இருந்த பழைய ஞானஸ்நானச் சான்றிதழ் உதவவில்லை, புதிதாக எடுத்தது வேண்டும். வேறு திருமணம் ஏதும் குறிக்கப்படவில்லை என்று தெரிய வேண்டுமே. ஊர்ப் பங்கில் தேடினால் பெயரையே காணோம். அவள் அப்பா இரண்டு முறை ரயிலேறினார். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க நாள் நெருங்க நெருங்க அந்த அக்காவுக்குத் தூக்கமே இல்லை. கடைசியில் கிடைத்தது, ஞானஸ்நானப் பெயரில்! பள்ளிக்கூடத்தில் கொடுத்தது வேறு பெயர்.

இந்த மென்பொருளில் நமக்கு வேண்டிய கட்டங்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஞானஸ்நானப் பெயர், எந்தப் பங்கு, எந்த மறைமாவட்டம், பேரேட்டு எண், பக்கம் என ஐந்து கட்டங்கள் சேர்த்தோம். காணிக்கைக் கணக்கை எக்ஸெலிலும் போடலாம். என்னைக் கேட்டால் இந்த ஐந்துக்காகத்தான் மென்பொருளே.

காகிதப் பேரேடு அப்படியே இருக்கட்டும், இது அதற்கு அகராதி மட்டும் என்று சொல்லிவிட்டேன். இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். தரவுத்தளத்துக்குள் புகக்கூடிய ஓட்டைகள் இதில் சில பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு, பின் வந்த பதிப்புகளில் அடைக்கப்பட்டிருக்கின்றன. புதுப் பதிப்பை யார் போடுவது? இலவசம் என்பது வாங்கும்போது மட்டும்தான். அலுவலகத்தில் ஒரே கணினி, வாரம் ஒரு நகல், அந்தப் பென் டிரைவ் வேறு கட்டடத்தில். 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது, ஆகவே மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதக் கையெழுத்து. "இத்தரையும் வேணோ?" என்றார் மேல் வீட்டுக்காரர். வேணும் சேட்டா.

கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் சனிக்கிழமைகளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் வீடுகளில்தான் அந்த ஐந்து கட்டங்களும் காலியாகக் கிடக்கின்றன. அதனால் நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஞானஸ்நானச் சீட்டு இருந்தால் நகல் கொண்டு வரவும் என்று. எழுதிக் கொடுத்தது நான்தான். கையெழுத்து கொஞ்சம் மோசம், ஆனால் படிக்க முடிகிறதாம்.