கொழுந்து நிறுக்கும் இடத்தில் கற்ற பாடம்

வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய மூன்று பகுதிகளிலும் பெண்களோடு வேலை செய்யும் களப் பணியாளர்களுக்கான மூன்று நாள் மாநாடு ஒன்று 2024 ஒக்டோபரில் ஹட்டன் நகரில் நடைபெற்றது. வன்னியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் சென்றோம். எங்களில் இருவர்தான் சமூகப் பணியாளர்கள். மற்ற மூவரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்கள். போரில் கணவரையோ பிள்ளையையோ இழந்து, குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். "மூண்டு நாள் கூலிவேலையை விட்டுப்போட்டுப் போறம். அங்க எங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அங்கே கிடைத்த பதில் இப்பத்திரிகையை வாசிக்கும் எல்லாச் சகோதரிகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அவர்கள் நடந்த பாதை

வவுனியாவிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் பஸ்ஸில் போனோம். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில் இறங்கி, இதே திசையில் காடுகளூடாக மாத்தளைக்கு நடந்தே சென்றார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் பலர். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபவனி வந்ததை வாசகிகள் அறிந்திருப்பீர்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் பரவத் தொடங்கி, சில வருடங்களில் கோப்பி அழிந்தது. அதன்பின் மலையெங்கும் தேயிலையானது. அந்தத் தேயிலையை உண்டாக்கியவர்களின் பிரஜாவுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மாணவியாக இந்த வருடங்களைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த வருடங்களை வாழ்ந்தவர்களின் மகள்மார் சொல்லக் கேட்பது வேறு அனுபவம்.

கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேன, வட்டவளை என்று பாதை வளைந்து வளைந்து ஏறியது. வெயிலுக்குப் பழகிய எங்களுக்கு ஹட்டனின் குளிர் புதிது. காலையில் மலைகள் தெளிவாகத் தெரியும். மத்தியானத்துக்குப் பின் மூடுபனியும் மழையும். பஸ்ஸில் இருந்து பார்த்தால் எல்லாம் பச்சைக் கம்பளம்தான். அந்தச் சரிவில் அட்டை கடிக்க, படங்கு கட்டி, கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் காலடியில் கல்லும் சேறும்தான்.

மண்டபத்தில் நடந்தது

முதல் நாள் காலை வழமைபோலவே இருந்தது. விளக்கேற்றல், வரவேற்புரை, நீண்ட பேச்சுக்கள். முன்வரிசையில் அதிதிகள்; பின்வரிசையில் கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த பெண்கள். பிற்பகலில் வளவாளர் எங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் மூன்று பகுதிகளைச் சேர்ந்தவர்களும் இருக்கும்படி அமர்த்தினார். அவரிட்ட விதி ஒன்றுதான்: "உத்தியோகத்தர்மார் கடைசியாகப் பேச வேண்டும்."

எங்கள் குழுவில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் பேசியது சம்பளத்தைப் பற்றி. தோட்டங்களில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. ஆனால் முழுப்பேர் விழுவதற்குத் தோட்டம் குறிக்கும் கிலோக் கணக்கைப் பறித்தாக வேண்டும். குறைந்தால் அரைப்பேர்.

"பறிக்கிறது நாங்க. நிறுக்கிறதும் எழுதுறதும் வேற ஆளுங்க. ஏழு கிலோ இருந்தா தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவுன்னு அஞ்சரை எழுதுவாங்க. நான் ஒரு வருசமா எம் மகளோட பழைய கொப்பியில எழுதி வாரேங்க. காலை, பகல், பின்னேரம் மூணு நிறுவையும் எழுதுவேன். சம்பளத் துண்டு வந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பேன்" என்றார்.

முதலில் அவரைக் கேலி செய்தார்களாம். பின்னர் அவரது டிவிசனில் பதினொரு பெண்கள் எழுதத் தொடங்கினார்கள். மாத முடிவில் கொப்பிகளோடு சேர்ந்து ஒபிசுக்குப் போனார்கள். கழிவு முற்றாக நிற்கவில்லை. ஆனால் இப்போது தராசின் முகம் பெண்களின் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது; எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார்கள். "சண்ட போடலிங்க, கொப்பியத்தான் காட்டினோம்" என்றார் அந்த அக்கா.

எங்களோடு வந்த சங்கப் பொருளாளர் உடனே, "எங்கட நுண்கடன் காட்டிலயும் காசு சேர்க்க வாறவர் எழுதுறதுதான் கணக்கு" என்றார். ஒரு தோட்டத்துப் பிரச்சினை வன்னிப் பிரச்சினையாக மாறிய நேரம் அது.

மறைத்த ஊர்

எங்கள் ஐவரில் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அனுமதித்ததால் எழுதுகிறேன். அவருடைய தாயார் 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தைவிட்டு வவுனியாவுக்கு வந்தவர். அக்காலத்தில் அவ்வாறு வந்த குடும்பங்களைக் குடியமர்த்தக் காந்தீயம் அமைப்பும் டொக்டர் இராஜசுந்தரமும் பாடுபட்டார்கள். பின்னர் அந்தக் குடும்பங்கள் போரின் எல்லா இடப்பெயர்வுகளையும் எங்களோடு சேர்ந்தே அனுபவித்தன. ஆனாலும் "தோட்டக்காட்டார்" என்ற சொல் எங்கள் கிராமங்களிலிருந்து இன்னும் போகவில்லை. அந்தச் சொல்லுக்குப் பயந்து அவர் தன் தாயின் ஊரை யாருக்கும் சொன்னதில்லை. கூட்டங்களில் வாய் திறந்ததுமில்லை.

ஹட்டனில் தாயின் பேச்சை நூறு பேர் பேசக் கேட்டார். மூன்றாம் நாள் குழு அறிக்கையை வாசிக்க யாராவது வரவேண்டும் என்றபோது அவரே எழுந்தார். "எங்க அம்மா இந்த மலையில கொழுந்து எடுத்தவ" என்றுதான் தொடங்கினார். மண்டபம் கைதட்டியது. இப்போது எங்கள் பிரதேசச் சங்கங்களின் கூட்டங்களில் அவர் பேசுகிறார்.

பீக்கொக் தோட்டத்து லயம்

திரும்பும் வழியில் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் இறங்கினோம். அங்கே பழைய லயம் ஒன்றைத் திருத்தி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக 2007இல் திறந்திருக்கிறார்கள். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி அது. அந்நிறுவனத்தோடு தொடர்புடைய மேனகா கந்தசாமி, ஆண்களே தலைமை தாங்கிவந்த தோட்டத் தொழிற்சங்க உலகில் செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்றவர்.

வேலைக் கருவிகள், சமையல் பாத்திரங்கள், நகைகள், பழைய பத்திரங்கள் என்று சாதாரணப் பொருட்களே அங்கே இருக்கின்றன. போரில் அடையாள அட்டை, காணி உறுதி, கல்யாணப் படம் எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்த எங்கள் பெண்கள் அவற்றின் முன்னே நெடுநேரம் நின்றார்கள்.

மீனாட்சி அம்மாளையும் அன்று நினைத்துக்கொண்டோம். 1931இல் ஹட்டனைத் தளமாகக்கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். படிப்பறிவு எட்டாத தொழிலாளர் கூட்டங்களில் தாமே இயற்றிய பாட்டுக்களைப் பாடி உரிமையை விளங்கவைத்தவர். கேட்பவருக்குப் புரியும் மொழியில் பேசவேண்டும் என்பதை இன்றைய செயலமர்வுகளுக்கு முன்பே அவர் செய்து காட்டினார்.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

மாநாட்டுக்கோ செயலமர்வுக்கோ அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். போகும்போது உங்கள் ஊரின் ஒரு பிரச்சினையைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பெரிய மண்டபத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் சிறு குழுவில் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெண்களோடு மட்டும் சேர்ந்து இருக்காதீர்கள். திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்குள் சங்கத்தைக் கூட்டி, அங்கே கேட்டதைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றைத் தொடங்கினால் போதும்.

எங்கள் சங்கங்கள் தொடங்கியது கொப்பி. ஒவ்வொரு பெண்ணும் கடன் தவணை, கூலிநாள், விற்ற நிலக்கடலையின் நிறை ஆகியவற்றைத் திகதியோடு எழுதுகிறார். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கிறது. மூன்று மாதத்தில் ஒரு சகோதரி கட்டிய இரண்டு தவணைகள் காட்டில் ஏறாமல் இருந்தது தெரியவந்தது. கொப்பியைக் காட்டினார், கணக்குத் திருத்தப்பட்டது. அந்தக் கொப்பியின் விலை ஒரு நாட்கூலியில் சிறு பகுதிதான்.

எமது உழைப்பைப் பிறர் நிறுக்கட்டும், பிறர் எழுதட்டும். ஆனால் நாமும் எழுதி வைத்திருப்போம்.