வட்டத்திற்குள் ஒரு நாற்காலி

2009 ஒக்டோபர் மாதத்தின் நடுப்பகுதியை இரண்டு செய்திகளுக்காக நான் நினைவில் வைத்திருக்கிறேன். 16ஆம் திகதி நியூயோர்க்கில் ராஜ் ராஜரட்ணம் கைதானார். நான்கு நாட்கள் கழித்து எங்கள் கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமான பாலம். பாதை என்று நாம் அழைக்கும் மிதவைக்காக வெயிலிலும் மழையிலும் துறையில் காத்துக் கிடந்த மக்கள் நடந்தே அக்கரை சேர்ந்து மகிழ்ந்த நாள் அது. அந்த மகிழ்ச்சியில் அமெரிக்கச் செய்தியை ஊரில் எவரும் பொருட்படுத்தவில்லை. பழக்கதோசத்தால் நான் மட்டும் அதைப் பின்தொடர்ந்தேன்.

ராஜரட்ணம் 1957இல் கொழும்பில் பிறந்த தமிழர். இங்கிலாந்தில் பொறியியலும் அமெரிக்காவின் வார்ட்டன் கல்லூரியில் வணிக நிர்வாகமும் கற்றவர். 1997இல் அவர் தொடங்கிய கலியன் நிதியம், உச்சக் காலத்தில் ஏறத்தாழ 7 பில்லியன் டொலரை நிர்வகித்தது. இலங்கையில் பிறந்தவர்களுள் பெருஞ் செல்வந்தர் என்று பெயர் பெற்றார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வீடுகள் கட்டிக்கொடுக்க நிவாரண அமைப்பொன்றையும் நிறுவினார். அவ்வலையில் அள்ளுண்ட ஊரைச் சேர்ந்தவன் என்ற முறையில் அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவரைச் சூழ்ந்து ஒரு நட்பு வட்டம் இருந்தது. வார்ட்டனில் உடன் பயின்ற அனில் குமார் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் உயர் பதவி வகித்தார். இன்னொரு சகபாடியான ராஜீவ் கோயல் இன்டெல் நிறுவனத்தில் இருந்தார். வெளியாருக்குத் தெரியக்கூடாத செய்திகள் நண்பர்களின் பேச்சோடு பேச்சாகக் கைமாறின. குமாருக்கு ஆண்டுக்கு 500,000 டொலர் பேசப்பட்டு, அப்பணம் அவர் வீட்டுப் பணியாளரின் பெயரிலான கணக்குக்குச் சென்றது. பின்னர் இந்த இரு நண்பர்களுமே குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகச் சாட்சி கூறினர்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ரஜத் குப்தா. மெக்கின்சியின் தலைவராக இருந்தவர். கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் பணிப்பாளர் சபை உறுப்பினர். 2008 செப்டெம்பர் 23ஆம் திகதி, வொரன் பஃபெட் அவ்வங்கியில் 5 பில்லியன் டொலர் முதலிடுவதை அச்சபை தொலைபேசிவழிக் கூட்டத்தில் அங்கீகரித்தது. கூட்டம் முடிந்து ஒரு நிமிடம் கழிவதற்குள் குப்தா ராஜரட்ணத்தை அழைத்தார். சந்தை மூடச் சில நிமிடங்களே இருந்த வேளையில் கலியன் அவ்வங்கியின் பங்குகளை வாங்கிக் குவித்தது.

அந்தத் தகவலுக்காகக் குப்தா நேரடியாக ஒரு சதமேனும் பெற்றதாக நிறுவப்படவில்லை. அப்படியானால் ஏன் சொன்னார்? விசாரணையாளர் ஒட்டுக்கேட்ட உரையாடலொன்றில் ராஜரட்ணமே ஒரு விளக்கம் தருகிறார். குப்தாவுக்குக் கோடீசுவரர்களின் வட்டத்துக்குள் சேர ஆசை என்கிறார். எத்தனையோ உயரங்களை எட்டிய மனிதருக்கு இன்னும் ஒரு நாற்காலி தேவைப்பட்டிருக்கிறது.

2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் ராஜரட்ணம் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஒக்டோபரில் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். குப்தாவுக்கு 2012இல் 2 ஆண்டுகள். விடுதலையான பின் இருவரும் நூல்கள் எழுதித் தம் தரப்பை நியாயப்படுத்தியுள்ளனர்.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம் நியூயோர்க்கில் இல்லை. பாலம் வருவதற்கு முந்திய காலத்தில், எங்கள் பகுதியில் ஒரு வணிகர் இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறி ஊராரிடம் பணம் சேர்த்தார். மாலைகளில் அவர் வீட்டு விறாந்தையில் ஓய்வுபெற்ற அதிபர், அரச அதிகாரி, அரசியல்வாதி என ஒரு சபை கூடும். எனக்கும் அங்கே ஒரு நாற்காலி இருந்தது. பத்திரிகையில் என் பெயர் வந்தால் அவர் அதைச் சபையில் உரக்க வாசிப்பார். நான் கூசுவதுபோல் காட்டிக்கொள்வேன், உள்ளூர மகிழ்வேன். புதிதாக வரும் பணத்திலிருந்தே பழையவர்களுக்கு இலாபம் கொடுக்கப்படுகிறது என்று ஒரு கணக்காளர் என் காதில் போட்டார். நான் அதை எழுதவில்லை, விசாரிக்கவுமில்லை. விசாரித்தால் நாற்காலி போய்விடும்.

ஒரு நாள் அவர் ஊரைவிட்டு மறைந்தார். மத்திய கிழக்கில் ஒன்பது ஆண்டுகள் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த பணத்தை அவரிடம் கொடுத்திருந்த ஒரு ராத்தா துறையடியில் என்னைக் கண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தம்பி, பேப்பருக்கு எழுதுற ஆள் நீங்க. நீங்க அவரோட இருந்து தேத்தண்ணி குடிக்கிறதக் கண்டுதான் நானும் நம்பிக் காசக் குடுத்தன்" என்றார்.

அந்த வணிகர் எனக்கு ஒரு சதமும் தந்ததில்லை. தரவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. நான் அங்கே அமர்ந்திருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. பெரிய மனிதர்கள் சூழ இருப்பதுதான் இத்தகையோரின் முதல்; அந்த முதலில் என் பங்கும் இருந்தது.

ராத்தாவின் பணம் திரும்பவில்லை. அவர் மறுபடியும் கடல் கடந்து வேலைக்குப் போனார். அதற்குப் பின் எந்தச் செல்வந்தரின் வீட்டு விறாந்தையிலும் நான் அமர்ந்ததில்லை. ஆனால், எழுதியிருக்க வேண்டிய அந்தச் செய்தியை உரிய நேரத்தில் எழுதவில்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.