போனுக்குக் காது கேட்கவில்லை

2012 ஆம் ஆண்டு மாசி மாதம். பருத்தித்துறையில் என் வீட்டு விறாந்தையில் நான் போன் திருத்தத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கருவாடு காயப்போடும் மாமி ஒருவர், சீலைத் தலைப்பில் முடிந்திருந்த பொத்தான் போனை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"சிக்னல் வருகுதில்லை, பிள்ளை. கடையிலை புதுப் பற்றறி போட்டுத் தந்தவங்கள். அதுவும் ஒரு நாளைக்கு நிக்குதில்லை. இப்ப போர்ட் பழுதாம், புதுப் போன் வாங்கட்டாம்."

குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுப்பவள். நான்கு வெள்ளியாக எடுக்கவில்லை. கடைசியாகக் கதைத்தபோது தம்பிக்குக் காசு அனுப்புவது பற்றி வாய்த்தர்க்கமாம். "கோவத்திலைதான் எடுக்கிறாள் இல்லை" என்று மாமி தானே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

முதலில் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன். கோடுகள் முழுவதும் வந்தன. ஆகவே சிம்மிலோ ரவரிலோ பிழையில்லை. அந்தக் கையோடு ஒரு குறுஞ்செய்தியும் வந்து விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். "அம்மா, ஏன் போன் வேலை செய்யுதில்லை? சுகமா?" என்று வாசித்துக் காட்டினேன். மாமி திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

சகோதரிகளே, சிக்னல் இல்லை என்றதும் போர்ட் போய்விட்டது என்று சொல்பவர்களை உடனே நம்பிக் காசை எடுக்காதீர்கள். போன் முதலில் கேட்கும், பிறகுதான் பேசும். ரவர் ஓயாமல் அனுப்பும் அலையைப் பிடித்த பின்னரே அது தான் இருப்பதை ரவருக்கு அறிவிக்கும். எந்தப் பக்கம் பிழை என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். செற்றிங்கில் நெற்வேர்க்கைத் தெரிவு செய்யும் இடத்தில் 'மனுவல்' என்பதை அழுத்திச் சற்றுப் பொறுங்கள். நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக வந்தால் போனுக்குக் காது நல்லது. பெயர் வந்தும், நல்ல சிம் இருந்தும் இணையாவிட்டால் அநேகமாகப் பேசும் பகுதியில் பிழை. பெயரே வராவிட்டால் கேட்கும் பகுதி.

மாமியின் போனில் ஒரு பெயரும் வரவில்லை. முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தேடியபோது ஒரேயொரு பெயர் வந்தது, அடுத்தமுறை அதுவும் இல்லை. எனக்கு அரைவாசி நிம்மதி. முற்றாகச் செவிடு இல்லை, காதில் ஏதோ அடைத்திருக்கிறது. பற்றறி நிற்காததற்கும் இதுவே காரணம். சிக்னல் கிடைக்காத போன் திரும்பத் திரும்பத் தேடியே பற்றறியைக் குடித்துவிடும். பாவம், மாமி அதற்குக் கொடுத்த காசு வீண்.

இந்தவகைப் போன் பேசும்போது கூடியது 2 வாற் வரை அனுப்பும். அதற்குக் கேட்பதோ, ரவருக்குக் கிட்ட நின்றால் ஒழிய, ஒரு வாற்றை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கும் இராது. அதை மறிக்கத் துளிக் களிம்பு போதும்.

பற்றறியைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். அன்ரெனாவைப் போர்ட்டோடு தொடுக்கும் சின்னத் தகடுகள் பச்சை பிடித்திருந்தன. உப்புக்காற்று, கருவாட்டுத் தண்ணீர், வியர்வை. அல்ககோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, படிந்துபோன தகட்டைச் சாவணத்தால் மெல்ல நிமிர்த்தினேன். தகடுகள் சுத்தமாக இருந்திருந்தால் அன்ரெனா சுவிட்ச் வரை பார்த்திருக்க வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. காயவிட்டுப் பூட்டியபோது 4 கோடுகள் எழும்பின.

சோதிக்க என் போனிலிருந்து கோல் எடுத்தேன். மாமியின் கையில் மணி அடித்தது. கட் பண்ணப் போனேன், விடவில்லை.

"அடிக்கட்டும் பிள்ளை, கொஞ்சம் அடிக்கட்டும்."