பிழைவிட ஓர் இடம்
ராத்தாட மகனின் கணினியில் 'எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ்' விளையாடத் தொடங்கினேன். செத்தால் கொண்டுபோன துப்பாக்கி, கவசம் பெரும்பாலும் போனதுதான். நாம் நிற்கும் இடத்தை மெப்பும் காட்டாது. இரண்டு கிழமையாக, சுட்டது யாரென்றே தெரியாமல் செத்தேன். பிறகு பயத்தில் நல்ல துப்பாக்கிகளை வெளியே எடுக்கவே இல்லை.

மருமகன் சொன்னான்: "மாமா, ஒரே மெப்பைப் படிங்க. முதல்ல ஓஃப்லைன்ல நடந்து, வெளியேறுற வழியப் பாருங்க. பிறகு 'ஸ்கேவ்' ஆகப் போங்க. அதுல கொண்டுபோற சாமான் உங்கட இல்ல, செத்தாலும் நட்டமில்ல."

அப்படிப் போனபோதுதான் கை நடுங்காமல் விளையாடினேன்.

அன்றிரவு விடைத்தாள் திருத்தும்போது, எப்போதும் வெறுந்தாள் தரும் ஒரு பிள்ளையின் தாள் வந்தது. சோம்பல் என்று பலமுறை ஏசியிருக்கிறேன். அவனும் என்னைப் போல் பயந்துதான் எதையும் வெளியே எடுக்கவில்லையோ? கலாசாலையில் எத்தனையோ விரிவுரை கேட்டும் இது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது கிழமைக்கு ஒரு தடவை புள்ளி போடாத கணக்குத் தாள் கொடுக்கிறேன். நேற்று அவன் மூன்று கணக்குச் செய்திருந்தான். மூன்றும் பிழை. ஆனால் எங்கே பிழைக்கிறான் என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது.